படத்தைப் பெரிதாக்கும் விரலைத் தடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன் ஐயா. உங்கள் பத்திரிகையின் அகப்பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, அதில் வரும் மரண அறிவிப்பையோ திருவிழா அழைப்பையோ இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கப் பார்த்தால் படம் அப்படியே நிற்கிறது. கைப்பேசியில் கோளாறு இல்லை, பார்க்கிறவர் கையிலும் தவறு இல்லை. பக்கத்தை அமைத்தவர்கள் அதில் ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பூட்டு இருக்கும்வரை வாசகர்கள் என்ன செய்துகொள்ளலாம், படங்களை எந்த அளவில் போட்டால் எல்லாருக்கும் உதவும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சுங்கை சிப்புட் பட்டணத்தில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, லேமினேட் செய்வது, பழைய படங்களை ஸ்கேன் செய்து பிரிண்ட் போடுவது, டாப்-அப் விற்பது, இதுதான் பிழைப்பு. பட்டணத்து ஆட்கள் மட்டுமில்லை, எல்பில், ஹேவூட் தோட்டப் பக்கமிருந்தும் மோட்டாரில் வருவார்கள். வருகிற பெரியவர்கள் பலர் கைப்பேசியை நீட்டிக் கேட்பது ஒன்றைத்தான்: "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு தெரியல, கொஞ்சம் பெரிசா பிரிண்ட் போட்டுக் குடு." பார்த்தால் அகப்பக்கத்திலிருந்து எடுத்த ஏதோ ஓர் அறிவிப்பாக இருக்கும். கையில் இருக்கும் திரையிலேயே படித்திருக்க வேண்டியதை வெள்ளி கொடுத்துத் தாளில் வாங்கிப் படிக்கிறார்கள். எனக்கு அது வருமானம்தான், ஆனால் அந்தக் காசை வாங்க மனம் வரவில்லை ஐயா. தோட்டத்தில் செம்பனை வெட்டி ஓய்ந்தவர், பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த கூட்டாளியின் காரியம் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள என் கடைவரை வர வேண்டியிருக்கிறது. இது நியாயமே இல்லை.

1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றது எல்லாருக்கும் தெரியும். அதைப் படித்து வளர்ந்தவர்களில் நிறையப் பேர் இப்போது பேரப்பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில்தான் செய்தி பார்க்கிறார்கள். தாளில் எழுத்து பொடியாக இருந்தால் கண்ணாடியை மாற்றிப் போடலாம், வெளிச்சத்தில் பிடிக்கலாம், பூதக்கண்ணாடி வைக்கலாம். கைப்பேசியில் அதற்கெல்லாம் பதிலாக அவர்களுக்குத் தெரிந்தது அந்த இரண்டு விரல் வேலை ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் வேறென்ன மிஞ்சும்?

சரி, பூட்டு எப்படி வந்தது என்று சொல்கிறேன். கைப்பேசியில் உலாவிகள் வந்த புதிதில் பக்கங்கள் எல்லாம் கணினித் திரைக்கென்றே செய்யப்பட்டிருந்தன. அதனால் கைப்பேசி உலாவி, தன் திரை 980 பிக்சல், அதாவது 980 திரைப்புள்ளி, அகலம் என்று கணக்கு வைத்துக்கொண்டு பக்கத்தை அடுக்கி, பிறகு முழுவதையும் சுருக்கிக் காட்டியது. 2007-இல் ஐபோன் வந்தபோது ஆப்பிள் நிறுவனம் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில் ‘வியூபோர்ட்’ என்று ஒரு வரி எழுதினால், கைப்பேசியின் உண்மையான அகலத்துக்கு ஏற்ப பக்கம் அடங்கிக்கொள்ளும். மிக நல்ல ஏற்பாடு, இன்றும் எல்லாப் பக்கத்துக்கும் அது வேண்டும். ஆனால் அதே வரியில் ‘மேக்ஸிமம்-ஸ்கேல் 1’ என்றும் ‘யூசர்-ஸ்கேலபிள் நோ’ என்றும் சேர்த்து எழுத முடியும். அப்படி எழுதினால் வாசகரின் விரலுக்குப் பக்கம் கட்டுப்படாது. இதுதான் நான் சொல்லும் பூட்டு. வரியே ஒன்றுதான், அதில் இந்த இரண்டு துண்டை அழித்தால் போதும். வேறு எதையும் தொட வேண்டாம், பக்கத்தின் அழகு ஒரு நூல்கூட மாறாது.

ஏன் எழுதினார்கள் என்று கேட்டால் அந்தக் காலத்தில் அதற்குக் காரணங்கள் இருந்தன. பெரிதாக்கும் வசதி இருந்தால், ஒருமுறை தட்டுகிறாரா இரண்டுமுறை தட்டுகிறாரா என்று பார்க்க உலாவி 300 மில்லி விநாடி காத்திருக்கும், அதனால் பக்கம் மந்தமாகத் தோன்றும். அந்தத் தாமதம் பல ஆண்டுகளுக்கு முன்பே உலாவிகளில் சரிசெய்யப்பட்டுவிட்டது. இன்னொன்று, பக்கம் பார்ப்பதற்குச் செயலிபோல அசையாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை. அதற்காக, கண் மங்கியவர் படிக்க முடியாமல் போகட்டும் என்று விடலாமா? இப்போது பக்கம் செய்கிறவர்கள் பலர் இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை என்று நினைக்கிறேன். எங்கோ கிடைத்த மாதிரியை எடுத்து ஒட்டும்போது பழைய பூட்டும் கூடவே வந்துவிடுகிறது.

ஆப்பிள் நிறுவனமே 2016-இல் ஐஓஎஸ் 10 வந்தபோது சஃபாரி உலாவியில் இந்தப் பூட்டை மதிக்காமல் விட்டுவிட்டது. அதனால் ஐபோன் வைத்திருக்கும் மகனுக்குப் படம் விரியும், ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அப்பாவுக்கு விரியாது. மகன், "எனக்கு வருதே, உங்களுக்குத்தான் தெரியல" என்பான். அப்பா தன் மேல்தான் பிழை என்று நினைத்துக்கொள்வார். என் கடை வாசலிலேயே இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். பிழை அப்பாவிடம் இல்லை என்று அச்சில் வர வேண்டும் என்பதற்காகவும்தான் இந்தக் கடிதம்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, உங்கள் பத்திரிகை வழியாக இதைத் தெரியப்படுத்தினால் புண்ணியமாகப் போகும். குரோம் உலாவியில் மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி அமைப்புகளுக்குள் போக வேண்டும். கைப்பேசியை மலாயில் வைத்திருப்பவர்களுக்கு அது ‘தெத்தாப்பான்’ என்று இருக்கும், ஆங்கிலத்தில் ‘செட்டிங்ஸ்’. அதற்குள் ‘அக்செஸிபிலிட்டி’ என்ற பகுதியில் ‘ஃபோர்ஸ் எனேபல் ஸூம்’ என்று ஒரு வரி உண்டு. அதைப் போட்டுவிட்டால் பக்கத்தில் பூட்டு இருந்தாலும் விரலுக்குப் படம் விரியும். ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தால் அதன் அமைப்புகளிலும் இதேபோல, எல்லாப் பக்கத்திலும் பெரிதாக்க அனுமதி என்று ஒரு வரி இருக்கிறது. ஒருமுறை போட்டால் போதும், பிறகு அப்படியே இருக்கும். பிள்ளைகள் அடுத்தமுறை வீட்டுக்கு வரும்போது அப்பா அம்மா கைப்பேசியில் இதைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகலாம், ஒரு நிமிட வேலை.

அதே பகுதியில் எழுத்தின் அளவைக் கூட்டும் வசதியும் இருக்கும். பலர் அதைக் கூட்டிவிட்டு, "கூட்டியும் இது மட்டும் சின்னதாவே இருக்கே" என்று கேட்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து உலாவிக்கு எழுத்தே இல்லை, வெறும் வண்ணப் புள்ளிகள். எழுத்தளவைக் கூட்டினால் செய்தி வரிகள் பெரிதாகும், படமாகப் போட்ட அறிவிப்பு அசையாது.

முகநூலில் வந்த இணைப்பைத் தட்டினால் பக்கம் முகநூலுக்குள்ளேயே திறக்கிறது, குரோமில் இல்லை. அங்கே நாம் குரோமில் செய்து வைத்த அமைப்பு வேலை செய்யாமல் போகலாம். ஐபோனிலும் சஃபாரியில் விரியும் படம் இப்படிச் செயலிக்குள் திறந்தால் விரியாமல் போவதுண்டு. அந்த இடத்திலும் மூன்று புள்ளி இருக்கும், அதைத் தட்டி வெளி உலாவியில் திறக்கச் சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும்.

எதுவுமே நடக்காவிட்டால் கைப்பேசியின் சொந்தப் பூதக்கண்ணாடி இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அமைப்புகளில் அதைப் போட்டு வைத்தால், திரையை மூன்றுமுறை தட்டியதும் எந்தச் செயலியில் இருந்தாலும் திரை பெரிதாகும். ஐபோனில் மூன்று விரலால் இரண்டுமுறை தட்டுவது. இதைச் செய்வது கைப்பேசியே என்பதால் எந்தப் பக்கத்துப் பூட்டும் இதைத் தடுக்க முடியாது.

கணினி வைத்திருப்பவர்களுக்கு வேறு விதமான தொல்லை. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் பக்கம் பெரிதாகும், கழித்தல் குறியைத் தட்டினால் சிறிதாகும், சைபரைத் தட்டினால் பழையபடி ஆகும். குரோமில் 25 விழுக்காட்டிலிருந்து 500 விழுக்காடுவரை போகலாம். ஒவ்வோர் அகப்பக்கத்துக்கும் நாம் வைத்த அளவை உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் ஒரு பத்திரிகையின் பக்கம் மட்டும் எப்போதும் பொடியாகவோ பூதாகரமாகவோ தெரிகிறதென்றால், யாரோ ஒருநாள் கைதவறி மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கன்ட்ரோலும் சைபரும் போதும், கணினி கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

ஆனால் படங்களுக்கு இது பாதி மருந்துதான். இப்போதைய பக்கங்களில் படம் சாளரத்தின் அகலத்தைத் தாண்டக்கூடாது என்று எழுதி வைத்திருப்பார்கள். அப்போது கன்ட்ரோலையும் கூட்டலையும் எத்தனை முறை தட்டினாலும் எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே போகும், படம் சாளரம் நிறைந்ததும் நின்றுவிடும். படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, புதிய தாவலில் படத்தைத் திற என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படம் தனியாக வரும். பெரிய படமாக இருந்தால் உலாவி முதலில் சாளரத்துக்குள் அடங்கும்படி சுருக்கிக் காட்டும். சுட்டியைப் படத்தின் மேல் கொண்டுபோனால் அது கூட்டல் குறி போட்ட பூதக்கண்ணாடியாக மாறும். எந்த முகத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த முகத்தின் மேல் சொடுக்கினால் அந்த இடம் முழு அளவில் விரியும், மறுபடி சொடுக்கினால் பழையபடி அடங்கும். 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இலேயே இப்படித் தானாகச் சுருக்கும் வசதி இருந்தது. ஆனால் அந்தச் சொடுக்கு இருப்பதே தெரியாமல், சுருங்கித் தெரிவதுதான் படத்தின் அளவு என்று நினைத்து மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஃபயர்ஃபாக்ஸில் இந்தச் சுருக்கமே வேண்டாம் என்றால், முகவரிக் கட்டத்தில் ‘அபௌட் கான்ஃபிக்’ பக்கத்தைத் திறந்து, ஆட்டோமேட்டிக் இமேஜ் ரீசைசிங் என்று தேடி அந்த ஒரு வரியை மாற்றினால் எப்போதும் முழு அளவில் திறக்கும். அது எல்லாருக்கும் தேவைப்படாது, என்னைப்போல நாள் முழுக்கப் படத்தோடு கிடப்பவர்களுக்கு வசதி. கைப்பேசியிலும் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால், படத்தைப் புதிய தாவலில் திறக்கும் வழி வரும்.

இவ்வளவையும் செய்து படத்தைத் திறந்த பிறகும் ஒன்றும் தெரியாத படங்கள் இருக்கின்றன ஐயா. உண்மையில் அதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

சுங்கை சிப்புட் என்றால் துன் சம்பந்தன் நினைவுக்கு வருவார். ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்குவதற்காக அவர் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்படியும் எத்தனையோ தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிந்தன, தோட்டத்துக் கோயில்கள் இடம் மாறின, சில தமிழ்ப்பள்ளிகளும் இடம் பெயர்ந்தன. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கிள்ளான், ரவாங், ஜொகூர் என்று சிதறிப்போனார்கள். நிறையத் தோட்டங்களுக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி, யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். பள்ளிக்கூடத்து வகுப்புப் படம், மாரியம்மன் திருவிழாப் படம், கங்காணி நாற்காலியில் உட்கார பால்மரம் வெட்டுகிறவர்கள் பின்னால் நிற்கும் படம்.

இந்தப் படங்களைத்தான் இப்போது பத்திரிகைகளும் கோயில் நிர்வாகங்களும் பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களும் தங்கள் அகப்பக்கங்களில் போடுகிறார்கள். போடுவது மிகப் பெரிய தொண்டு, அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. போடும் அளவில்தான் காரியம் கெடுகிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன். பத்து அங்குல அகலமும் எட்டு அங்குல உயரமும் உள்ள வகுப்புப் படத்தை 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் 6000-க்கு 4800 பிக்சல் வரும். ஒரு வரிசையில் பதினைந்து பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று வையுங்கள், ஒவ்வொருவருக்கும் 400 பிக்சல் அகலம் கிடைக்கும், முகம் மட்டும் பார்த்தால் 200 பிக்சலாவது இருக்கும். அவ்வளவு இருந்தால் நெற்றியில் இருக்கும் தழும்புகூடத் தெரியும், சட்டைப் பொத்தான் எத்தனை என்று எண்ணலாம். அதே படத்தை 600 பிக்சல் அகலமாகச் சுருக்கி அகப்பக்கத்தில் போட்டால் ஓர் ஆளுக்கு 40 பிக்சல்தான், முகத்துக்கு 20. இருபது புள்ளிக்குள் கண், மூக்கு, வாய் எல்லாம் அடங்க வேண்டும். அது ஆணா பெண்ணா என்பதே சந்தேகமாகிவிடும்.

பெரிதாக்கினால் தெரியும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். தெரியாது. உலாவியின் ஸூம் இருக்கும் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, இல்லாத புள்ளியைக் கொண்டுவந்து வைக்காது. சுருக்கும்போது தூக்கி எறிந்த விவரம் எறிந்ததுதான். என்னிடம் இப்படிப்பட்ட படத்தைக் கொண்டுவந்து, "ரெண்டாவது வரிசையில எங்கம்மா நிக்குது தம்பி, அது மூஞ்சிய மட்டும் பெரிசாக்கிக் குடு" என்று கேட்கும் அக்காமார்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அம்மாவுக்கு அந்த ஒரு படம்தான் இருக்கிறது என்பார்கள். அசல் படம் எங்கே என்று தேடினால் அதைக் கொடுத்தவர் காலமாகியிருப்பார், பெட்டியைக் கறையான் அரித்திருக்கும். ஸ்கேன் செய்த கோப்பும், "இடத்தை அடைக்குது" என்று யாரோ அழித்திருப்பார்கள். அகப்பக்கத்தில் இருக்கும் அந்தச் சுருங்கிய படம் மட்டும்தான் உலகத்தில் மிச்சம். பொறுக்க முடியவில்லை ஐயா. ஒரே ஒரு பெரிய கோப்பை அங்கேயே போட்டு வைத்திருந்தால் அந்த அம்மாவின் முகம் இருந்திருக்கும்.

படம் சுருங்குவது அகப்பக்கத்தில் மட்டும் என்றும் சொல்ல முடியாது. ஸ்கேன் செய்த படத்தைப் புலனம் (வாட்ஸ்அப்) வழியாக அனுப்பினால் அதுவே சுருக்கித்தான் அனுப்பும். 2023-இல் எச்டி என்று ஒரு தேர்வு வந்திருக்கிறது, அதைப் போட்டாலும் அசல் அப்படியே போகாது. படமாக அனுப்பாமல் ஆவணமாக, அதாவது டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால்தான் ஒரு புள்ளி குறையாமல் போய்ச் சேரும். பழைய படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பும் வாசகர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், நீங்களும் படம் கேட்டு அறிவிப்புப் போடும்போது ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பெரிய படத்தைப் போட்டால் பக்கம் மெதுவாகத் திறக்குமே, டேட்டா தின்னுமே என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2021 கடைசியில் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டாலும், செம்பனைக்குள் இருக்கும் லயங்களில் இன்னும் ஒரு கோடுதான் சிக்னல் வரும் இடங்கள் உண்டு, பிரிபெய்டில் டேட்டா போடுகிறவர்கள் ஒவ்வொரு எம்பியையும் பார்த்துத்தான் செலவழிக்கிறார்கள். கைப்பேசியில் எடுத்த 4000-க்கு 3000 படத்தை அப்படியே முகப்பில் போடுவதும் தவறுதான். அதனால் நான் எல்லாவற்றையும் பெரிதாகப் போடச் சொல்லவில்லை. பக்கத்தில் தெரியும் படம் சிறியதாக இருக்கட்டும், ஆனால் சாதாரணக் கைப்பேசித் திரையே 1080 பிக்சல் அகலம் இருப்பதால் அதற்குக் குறைய வேண்டாம். அந்தப் படத்தைத் தட்டினால் முழு அளவுப் படம் திறக்கட்டும். வேண்டியவர் மட்டும் தட்டுவார், அவருடைய டேட்டாவை அவர் விரும்பிச் செலவழிப்பார். ஒரே படத்தை மூன்று நான்கு அளவில் வைத்து, பார்க்கிறவர் திரைக்குத் தக்கதை உலாவியே எடுத்துக்கொள்ளும் ‘சோர்ஸ்-செட்’ வசதி 2014 முதல் குரோமில் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சில பக்கங்களில் இதற்கு நேர்மாறான கோளாறு. படத்தைச் சுருக்காமல், அகலத்துக்குக் கட்டும் போடாமல் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். 6000 பிக்சல் படத்தை 1366-க்கு 768 மடிக்கணினியில் அப்படித் திறந்தால் படத்தின் இருபத்தேழில் ஒரு பங்குதான் தெரியும், ஒருவர் தோளும் பக்கத்தில் நிற்பவர் காதும். பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும், கூடவே செய்தி வரிகளும் திரைக்கு வெளியே ஓடிவிடும். ‘மேக்ஸ்-விட்த் 100 விழுக்காடு, ஹைட் ஆட்டோ’ என்று இரண்டு சொல் எழுதினால் இது தீரும். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறிப்பில் எழுதி வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: படம் வந்து சேரும்முன்பே அதற்கான இடத்தை உலாவி ஒதுக்கிவிடும், படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்காது. கை நடுங்கும் பெரியவர்கள் ஒன்றைத் தட்டப்போய் விளம்பரத்தைத் தட்டிவிடுவது பெரும்பாலும் இந்தக் குதிப்பால்தான்.

பெரிய படத்தைப் போட்டால் திருடிவிடுவார்கள் என்று சில நிர்வாகங்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். பத்திரிகையின் சொந்தப் படக்காரர் எடுத்த படம் என்றால் அந்தக் கவலை புரிகிறது, ஓரத்தில் பெயரைப் பொறித்துப் போடுங்கள். ஆனால் அறுபது வருடத்துக்கு முந்தைய தோட்டத்துப் பள்ளிப் படத்தை யார் எடுத்துக்கொண்டுபோய் என்ன செய்துவிடப் போகிறார்கள்? அதில் நிற்கிறவர்களின் பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் அது திருட்டும் இல்லை. நாலு வீட்டில் அந்தப் படம் இருந்தால் அதற்கு நாலு மடங்கு ஆயுசு.

மரண அறிவிப்புக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அதில் தாமதத்துக்கு இடமில்லை. அச்சில் வந்த பக்கத்தையே படம் பிடித்து அகப்பக்கத்தில் போடுகிறீர்கள். ஓர் அடிக்கு மேல் அகலமான தாள், ஏழு சென்டிமீட்டர் கைப்பேசித் திரைக்குள் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குகிறது. தமிழ் எழுத்து அந்தச் சுருக்கத்தைத் தாங்காது. மெய்யெழுத்தின் புள்ளி முதலில் மறையும், பிறகு கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணும் அப்படித்தான், 3 மணியா 8 மணியா என்று தெரியாமல் சுடுகாட்டுக்கு எல்லாம் முடிந்தபின் போய் நின்றவர்கள் உண்டு. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க முடியாமல் போனதை அவர்கள் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள்.

இதற்கு நிரந்தர வழி, படத்துக்குக் கீழே நாலு வரி எழுத்தாகவே தட்டச்சு செய்து போடுவது. பெயர், ஊர், தேதி, நேரம், எங்கிருந்து புறப்படுகிறது, அவ்வளவுதான். எழுத்தாக இருந்தால் எழுத்தளவைக் கூட்டிப் படிக்கலாம், கண் தெரியாதவருக்குக் கைப்பேசியே வாசித்துக் காட்டும், பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும், தொலைவில் இருக்கும் உறவினர் எடுத்து அனுப்பலாம். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008 டிசம்பரில் வெளியிட்ட அணுகல் நெறிகளிலேயே இரண்டும் இருக்கின்றன: எழுத்தை 200 விழுக்காடுவரை பெரிதாக்கினாலும் பக்கம் உடையாமல் இருக்க வேண்டும் என்று ஒன்று, எழுத்தாகத் தர முடிந்ததைப் படமாகத் தரக்கூடாது என்று இன்னொன்று. நம் தமிழ் அகப்பக்கங்கள் பலவற்றில் இரண்டுமே இல்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வியூபோர்ட் வரியில் இருக்கும் பூட்டை இந்த வாரமே எடுத்துவிடச் சொல்லுங்கள், அதற்குச் செலவும் இல்லை, பெரிய வேலையும் இல்லை. மரண அறிவிப்புகளுக்குக் கீழே அந்த நாலு வரியை ஆரம்பியுங்கள். வாசகர்களிடமிருந்து வரும் தோட்டத்துப் பழைய படங்களை இனிமேல் அசல் அளவிலும் சேர்த்து வையுங்கள், தட்டினால் திறக்கட்டும். அகப்பக்கம் நடத்தும் பள்ளிகளும் கோயில்களும் தங்கள் பக்கத்தில் பூட்டு இருக்கிறதா என்று ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களின் பழைய படம் வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் என் கடைக்குக் கொண்டுவந்தால் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து கொடுக்கிறேன், காசு வேண்டாம். சட்டத்திலிருந்து படம் கழன்று வராவிட்டால் இழுக்காதீர்கள், கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், கிழிந்துவிடும். சட்டத்தோடு அப்படியே எடுத்து வாருங்கள், பார்த்துச் செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
போட்டோஸ்டேட் கடைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்.